சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தையலில் இறங்கலாமா?

செங்காங் தையல் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 37. சிங்கப்பூரில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 4,000 வெள்ளி (டாலர்), கைக்கு வருவது 3,200. வீட்டுக்காரர் ஷிப்டு வேலை. மகன் அடுத்த வருஷம் தொடக்கநிலை 1 போகிறான். மகளுக்கு மூன்று வயது, பக்கத்து புளோக்கில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறாள். நாலறை வீடு. தவணை 1,300 வெள்ளி, ஆளுக்குப் பாதி சிபிஎஃப்பில் (மத்திய சேமநிதியில்) கழிகிறது.

தையல் தஞ்சாவூரில் அத்தையிடம் கற்றது. ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) பிறகு முறையாகப் படித்தேன். இங்கே அக்கம்பக்கத்தில் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தது, ஒருவர் சொல்லி ஒருவர் என்று பெருகிவிட்டது. பிள்ளைகள் தூங்கிய பிறகு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நள்ளிரவாகிறது. போன தீபாவளிக்கு வந்த துணியில் பாதியைத் தைக்க நேரமில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். மனசே இல்லை.

லைனிங் வைத்த சாதா ரவிக்கைக்கு 45 வெள்ளி வாங்குகிறேன். ஆரி போட்டால் 180க்கு மேல். நல்ல மாதத்தில் செலவு போக 2,500 நிற்கும். மந்தமான மாதத்தில் 600தான். ஆனால் ஒருவர் ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி இறக்கி, "எங்கேயும் பிடிக்கலையே" என்று சொல்லும்போது வருகிற நிறைவு, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

டிசம்பர் போனஸ் வாங்கிக்கொண்டு ராஜினாமா கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். "உனக்குப் பிடிச்சதைச் செய், ஆனா வீட்டுக் கடனுக்கு ஒரு வழி சொல்லு" என்கிறார் வீட்டுக்காரர். ஊரிலிருந்து அம்மா, "மாசச் சம்பளத்தை விட்டுடாதடி" என்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முழுநேரமாகத் தைக்க அனுமதி வாங்க வேண்டுமா? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்? இப்படி வேலையை விட்டு வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தேக்கா அக்கா எழுதியது:

தங்கச்சி, நானும் அலுவலக வேலையை விட்டு, சில வருஷம் வீட்டில் தைத்து, அப்புறம் தேக்கா நிலையத்தின் மாடியில் சின்னக் கடை பிடித்தவள்தான். அனுமதி பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டில் வசிப்பவர்களே செய்யும் சிறிய தொழில்களில் தையலும் அடங்கும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வாசலில் பலகை மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது. பணிப்பெண் இருந்தால் "கொக்கிதானே, அவள் தைக்கட்டும்" என்று தோன்றும். அதுவும் கூடாது. அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும்தான். ஆக, வீட்டில் இருக்கும்வரை உங்கள் இரண்டு கைகளால் முடிகிற அளவுதான் வருமானம். இதை மனதில் வைத்து விலை போடுங்கள். ஆரி வேலைக்கு 180 என்பது எனக்குக் குறைவாகப் படுகிறது. கழுத்தும் கையும் நிறைத்துப் போட்டால் இரண்டு முழு நாள் போய்விடுமே!

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் (தொழில் பதிவு ஆணையத்தில்) பதிய வேண்டாம். கடைப்பெயர் வைத்தால் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100.

நான் அழுத்திச் சொல்ல வருவது வீட்டுக் கடனைத்தான். 3,200 வெள்ளியை ஈடுகட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பங்கு 800, முதலாளி போடுவது 680, ஆக மாதம் 1,480 வெள்ளி சிபிஎஃப்புக்குப் போகிறது. அதில் உங்கள் வயதுக்குச் சாதாரணக் கணக்கில் சேர்வது 840. உங்கள் தவணைப் பங்கு 650 அதிலிருந்துதான் ஓசையில்லாமல் கழிகிறது. சம்பளம் நின்ற மாதமே அந்த வரவு நின்றுவிடும், தவணை நிற்காது. சாதாரணக் கணக்கில் இன்று இருக்கும் தொகையை எடுத்து 650ஆல் வகுத்துப் பாருங்கள். அத்தனை மாதம்தான் ரொக்கமாகக் கட்டாமல் தாங்கும். வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் (வீட்டுக் கடனுக்கான காப்புறுதி) சந்தாவும் அதே கணக்கில்தான் கழியும். வீட்டுக்காரரிடம் முதலில் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் தொழிலில் பணம் கொத்துக் கொத்தாக வரும். தீபாவளிக்கு முன்பு மூச்சுவிட நேரம் இருக்காது, முடிந்ததும் மெஷின் சும்மா கிடக்கும். தை மாதக் கல்யாணத் துணி மார்கழியிலேயே வரும். ஆடி பாதி போகும்வரை ஆவணித் துணி வராது. இடைப்பட்ட மாதங்களில் எனக்குச் சோறு போட்டது ஆல்ட்ரேஷன்தான். பாதிப் பேர் ஊரில் தைத்து எடுத்து வருகிறார்கள். தோள் இறங்கும், கைக்குழியில் சுருக்கம் விழும், மார்பில் பிடிக்கும். உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்ததுமே சரிசெய்ய முடியுமா என்று தெரிந்துவிடும். கையைப் பிரித்து மறுபடி ஏற்றித் தருபவர் இங்கே குறைவு. ஒரு மணி நேர வேலை, உடனே காசு. அப்படி வந்தவர்தான் பின்னால் கல்யாண ரவிக்கைக்கும் வருவார். இதைச் சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஜூரோங் கணக்கர் எழுதியது:

அக்கா சொன்ன சிபிஎஃப் கணக்கு சரி. கூடவே: சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (சிபிஎஃப்பின் மருத்துவச் சேமிப்பு) கட்டாயம். வருமான வரியில் காட்டிய பிறகு கணக்கிட்டு அனுப்புவார்கள். மொத்தமாக வந்து நிற்கும் என்பதால் மாதாமாதம் ஒதுக்கிவிடுங்கள். நிலுவை வைத்தால் அக்ரா பதிவைப் புதுப்பிப்பதும் சிக்கலாகும்.

மகளின் பராமரிப்பு நிலையத்தில் வேலை மாற்றத்தைத் தெரிவியுங்கள். முழுநாள் பராமரிப்புக்கு வேலை செய்யும் தாய்க்கு அடிப்படை மானியம் 300 வெள்ளி, இல்லாவிட்டால் பெரும்பாலும் 150. மாதம் 56 மணி நேரம் உழைத்தால் சுயதொழிலும் வேலைதான். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ராஜினாமாவுக்கு முன்னால் ஒன்று செய்யலாமே. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டியின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்தில் கேட்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் கேளுங்கள். சம்பளம் 2,400 ஆனாலும் சாதாரணக் கணக்கில் 504 சேரும். தவணைக்கு 146தான் குறையும். மறுக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்பதில் நஷ்டம் இல்லை. வெளித்தொழில் பற்றி வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டிபெண்டன்ட் பாஸில் (இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில்) இருக்கும் சகோதரிகளுக்கு விதிகள் வேறு. மனிதவள அமைச்சிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

கணக்கர் அண்ணா சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நான் மூன்று நாள் வேலை கேட்டு வாங்கினேன். ஐந்து நாள் வேலையை மூன்று நாளில் திணித்தார்கள், வீட்டுக்கு வந்தும் மின்னஞ்சல். கேட்கும்போதே எந்த வேலை வேறு யாரிடம் போகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் முழுசாக வெளியே வருவதே மேல்.

வீட்டில் தொழில் என்றால் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பார்கள். நேரத்துக்கு வேலி போட்டால்தான் உண்டு. நான் வீட்டில் முகஅலங்காரம் செய்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மணி அடித்து, "ஒரே நிமிஷம், புருவம் மட்டும்" என்று நின்றவர்கள் உண்டு. இப்போது முன்பதிவு இல்லாமல் கதவு திறப்பதில்லை. மகன் தொடக்கநிலை 1 போகும் முதல் சில மாதங்கள் ஸ்பெல்லிங், கேண்டீனில் காசு கொடுத்து வாங்குவது என்று எல்லாமே அவனுக்குப் புதிது. பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அவனுக்கே என்று வைத்துவிடுங்கள். அளவு எடுக்க வருபவர்கள் அதற்கு அப்புறம் வரட்டும்.

செங்காங் தையல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு நானும் அவரும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம். எனது சாதாரணக் கணக்கு இரண்டு வருஷத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும். அவர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. திங்கட்கிழமை மூன்று நாள் வேலைக்கு எழுதிக் கொடுக்கிறேன், எந்தெந்தக் கணக்கு யாரிடம் போகும் என்பதையும் சேர்த்து. மறுத்தால் போனஸுக்குப் பிறகு வெளியே வருகிறேன். ஆரி விலையை ஏற்றப் போகிறேன்.

அக்கா, ஆல்ட்ரேஷனுக்கு ஓவர்லாக் மெஷின் கட்டாயம் வேண்டுமா? சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்குமோ என்று பயம். லைனிங் துணி எங்கே வாங்குகிறீர்கள்?

தேக்கா அக்கா எழுதியது:

வேண்டும்மா. பிரித்த ஓரத்தை அடிக்காமல் கொடுத்தால் நாலு துவையலில் நூல் வந்துவிடும். வீட்டுக்கான சின்ன மெஷினே போதும், அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள், ராத்திரியில் ஓட்டாதீர்கள். லைனிங் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் துணிக்கடைகளில் வாங்குகிறேன். காட்டனாக எடுத்து, தைக்கும் முன்னால் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். ஒரு நாள் கடைக்கு வாங்க, நான் கை ஏற்றும் முறையைக் காட்டுகிறேன்.