பிரித்தானியாவில் பெற்றோல் ஸ்டேஷன் எடுக்கும்போது: சேமிப்புச் சான்றிதழ், கட்டணம், 28 நாள் (உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

வடலண்டன்:
ஸ்டேஷன் கைமாறும்போது எல்லாரும் முதலில் கேட்பது "லைசன்ஸ் காசு எவ்வளவு?" என்றுதான். 2014 அக்டோபர் 1இலிருந்து பெற்றோல் ஸ்டேஷனுக்கு லைசன்ஸ் என்பது இல்லை. 1928ஆம் ஆண்டுச் சட்டம் போய், புது விதிகளின் கீழ் சேமிப்புச் சான்றிதழ், அதாவது பெற்றோலை ஓரிடத்தில் வைத்திருப்பதற்கான சான்றிதழ், வந்துவிட்டது. இது ஆளுக்குரியதல்ல, இடத்துக்குரியது. ஸ்டேஷனை விற்றாலும் சான்றிதழ் அங்கேயே இருக்கும்.

அதனால் புதிதாக எடுப்பவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பொறுப்பெடுப்பதற்குக் குறைந்தது 28 நாளுக்கு முன் பெயரையும் முகவரியையும் பெற்றோல் விதிகளைப் பார்க்கும் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகு எழுதுவது பிந்திய வேலை. சட்டத்தரணிகள் லீஸ், கடை லைசன்ஸ் எல்லாம் பார்ப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். நீங்களே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அதிகாரசபை எது என்பதிலும் குழப்பம் உண்டு. லண்டனிலும் மன்செஸ்டர், பேர்மிங்காம் போன்ற பெருநகரப் பகுதிகளிலும் தீயணைப்புச் சேவை. மற்ற இடங்களில் கவுன்ரி கவுன்சில் அல்லது உள்ளூர் கவுன்சில், பெரும்பாலும் வர்த்தகத் தரப் பிரிவு.

கணக்குப்பிள்ளை:
கட்டணம் சட்டத்தால் தீர்மானிக்கப்பட்டது. கவுன்சில் தன் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மூன்று படி: 2,500 லீற்றர் வரை, அதற்கு மேல் 50,000 வரை, 50,000க்கு மேல். பல வருடம் இது வருடத்துக்கு 44, 60, 125 பவுண் என்று இருந்தது. பிறகு ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே கட்டுவதற்கு முன் அந்த வருடத் தொகையைப் பாருங்கள்.

ஆக்கள் பிழை விடுவது லீற்றர் கணக்கில். பெற்றோல் மட்டுமே கணக்கு. டீசல் தாங்கி சேராது, எல்பிஜியும் சேராது. ஈ5, ஈ10 (5, 10 வீதம் வரை எதனோல் கலந்தவை) இரண்டும் பெற்றோல்தான், இரண்டையும் கூட்ட வேண்டும். இருபதாயிரம் லீற்றர் தாங்கி இரண்டு, சுப்பருக்குப் பத்தாயிரம் ஒன்று என்றால் கூட்டுத்தொகை சரியாக 50,000, அது நடுப்படி. அந்தப் பத்தாயிரத்துக்குப் பதில் இன்னொரு இருபதாயிரம் என்றால் மேல்படி. ஒரே தாங்கி இரண்டு அறையாகப் பிரிந்து ஒன்றில் டீசல் இருந்தால் பெற்றோல் அறையின் கொள்ளளவை மட்டும் எடுங்கள். "பாதிக்கு மேல் நிரப்புவதில்லை" என்பது எடுபடாது.

வருடாவருடம் கட்டலாம், பத்து வருடத்துக்கு முன்கூட்டியும் கட்டலாம். விற்கிற எண்ணம் இருந்தால் பத்து வருடம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டியிருந்தால் மீதி வருடங்களின் காசை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

மிட்லண்ட்ஸ்:
அண்ணை சொன்னதோடு இன்னொரு பில்லையும் சேர்த்துப் பாருங்கள். ஆவி மீட்பு அனுமதி வேறு, சேமிப்புச் சான்றிதழ் வேறு. வருடத்துக்கு 500 கனமீற்றரோ அதற்கு மேலோ, அதாவது ஐந்து லட்சம் லீற்றரோ அதற்கு மேலோ பெற்றோல் இறக்கும் ஸ்டேஷனுக்கு முதல் கட்ட ஆவி மீட்பு வேண்டும்: பவுசர் இறக்கும்போது தாங்கியிலிருந்து வெளியேறும் ஆவி குழாய் வழியாகப் பவுசருக்கே திரும்ப வேண்டும். பம்ப் முனையில் ஆவி இழுப்பது இரண்டாம் கட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அனுமதி உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து வரும். லண்டனில் தீயணைப்புப் படைக்குக் கட்டியாயிற்று என்று கவுன்சில் பில்லைக் குப்பையில் போடும் பிழை இதனால்தான் நடக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பில்லைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணமும் விழும்.

தாங்கிமேடை:
காசை விடக் கவனம் வேண்டியது மாற்ற வேலைகளில். புதுத் தாங்கி, புதுக் குழாய், தாங்கியை அகற்றுவது எல்லாவற்றுக்கும் வேலை தொடங்குமுன் 28 நாள் அறிவித்தல் வேண்டும். கொந்தராத்துக்காரர் அறிவிப்பார் என்று இருக்காதீர்கள், பொறுப்பு ஸ்டேஷன் நடத்துபவருக்கு. டீசல் தாங்கியைப் பெற்றோலுக்கு மாற்றும் யோசனை வந்தால் முதலில் அதிகாரியோடு கதையுங்கள், கட்டணப் படியும் மாறக்கூடும்.

அதிகாரி வந்தால் கேட்கும் தாள்கள்: டீசியர் (DSEAR, தீப்பற்றும், வெடிக்கும் பொருட்கள் பற்றிய பாதுகாப்பு விதிகள்) ஆபத்து மதிப்பீடு, பம்ப் பகுதியின் மின்சாரப் பரிசோதனைச் சான்று, பவுசர் இறக்கும் நடைமுறை, ஊழியர் பயிற்சிப் பதிவு, கசிவு கண்டறியும் கருவியின் பராமரிப்புப் பதிவு, தாங்கிக் கணக்கு. கடைசியில் சொன்னதில்தான் பலர் விழுகிறார்கள். ஒவ்வொரு நாளும் ஆரம்ப இருப்பு, இறக்கிய அளவு, விற்ற அளவு, மிச்சம் என்று எழுதினால் மட்டும் போதாது, வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினால் வெப்பநிலையோ வாசிப்புப் பிழையோ இருக்கலாம். தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறைந்தால் கசிவு, அல்லது பம்ப் அளவு பிசகு. மிச்சம் எதிர்பாராமல் கூடினால் தாங்கிக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஈ10இல் தண்ணீர் இன்னும் மோசம். எதனோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் பிரிந்து அடியில் தங்கும். பழைய தண்ணீர் பசை (தாங்கிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அளவுகோலில் பூசுவது) அந்தக் கலவையை ஒழுங்காகக் காட்டாது. எதனோல் எரிபொருளுக்கென்று இருக்கும் பசையை வாங்குங்கள்.

சின்னயார்ட்:
விற்பனை இல்லை, சொந்த வான்களுக்கு மட்டும் ஒரு சிறிய தாங்கியும் பம்பும் என்றால் சான்றிதழ் வேண்டுமா?

வடலண்டன்:
வேண்டும் தம்பி. தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பம்ப் பண்ணினால், விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான். 2,500 லீற்றருக்குள் என்றால் அடிப்படி. டீசல் மட்டும் என்றால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை. வீட்டில் புல்வெட்டிக்கு வைப்பது 30 லீற்றர் வரை கட்டணமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஆனால் பிளாஸ்ரிக் கான் ஒன்று 10 லீற்றருக்கும் இரும்புக் கான் ஒன்று 20 லீற்றருக்கும் மேல் போகக்கூடாது. வீட்டில் 30க்கு மேல் 275 வரை என்றால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 275ஐத் தாண்டினால் அதற்குத்தான் இன்னும் லைசன்ஸ்.