முதல் தடவை ஸ்கூபா டைவிங் போறேன், கிணத்து நீச்சல் மட்டும்தான் தெரியும், போதுமா?

நாகலூரான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஏற்காடு, காபி எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருக்கேன். என் மச்சான் பாண்டிச்சேரில வேலை பாக்குறாரு, ரெண்டு வருஷமா வாங்க மாமா வாங்க மாமான்னு கூப்பிட்டுட்டே இருக்காரு, இந்த தடவை பறிப்பெல்லாம் முடிஞ்சு மார்ச்ல போயி ஸ்கூபா டைவிங் பண்ணிப் பாத்துடலாம்னு நானும் வீட்டுக்காரியும் முடிவு பண்ணிட்டோம். எனக்கு நீச்சல் தெரியும், ஆனா எங்க தாத்தா ஊரு கிணத்துல லாரி ட்யூப் கட்டிக் கத்துக்கிட்ட நீச்சல், கடல்ல முட்டி வரைக்கும்தான் நின்னிருக்கேன். வீட்டுக்காரிக்கு நீச்சலே தெரியாது. இன்னொரு பயம், மலையில இருந்து பஸ்ல இறங்குறப்பவே எனக்கு காது அடைச்சுக்கும், தண்ணிக்குள்ள என்ன ஆகுமோ தெரியல. பிளான் என்னன்னா சனிக்கிழமை ராத்திரி பாண்டி போய் சேர்றது, ஞாயிறு காலைல டைவ், மதியம் சாப்பிட்டு கார் எடுத்தா ராத்திரி எட்டு ஒம்போதுக்குள்ள மலை ஏறிடலாம், திங்கக்கிழமை காலைல வேலைக்கு நிக்கணும். போனவங்க யாராச்சும் விவரமா சொல்லுங்க.

அஸ்தம்பட்டி அக்கா:
தம்பி தைரியமா போங்க, நான் 46 வயசுல போனேன், நீச்சல் சுத்தமா தெரியாது. முதல் தடவை போறவங்களுக்குன்னு ட்ரை டைவ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு சர்டிபிகேட் எதுவும் வேண்டாம். முதல்ல ஆழம் இல்லாத தண்ணியில வாயால மூச்சு விடுறது, மாஸ்க்குல தண்ணி வந்தா வெளியேத்துறது, கை சைகை எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க, அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் நம்மளப் பிடிச்சுக்கிட்டேதான் கூட்டிட்டுப் போவாரு. அதிகபட்சம் 12 மீட்டர், பெரும்பாலும் அதுக்கும் கம்மிதான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினா சூப்பர்னு அர்த்தம் இல்ல, மேல போகணும்னு அர்த்தம். நான் மீனைப் பாத்த சந்தோஷத்துல கட்டைவிரலைக் காட்டிட்டேன், அவரும் உடனே மேல கூட்டிட்டு வந்துட்டாரு. நல்லா இருக்கேன்னு சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமா சேத்துக் காட்டணும்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, நான் போன இடத்துல உடம்பு சம்பந்தமான ஃபார்ம்ல எதையும் கேக்காம கையெழுத்து மட்டும் வாங்கிட்டாங்க, அது ரொம்பத் தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை, காதுல ஆபரேஷன், இதுல எது இருந்தாலும் டாக்டர் ஓகே சொல்லாம இறங்கக் கூடாது. கர்ப்பமா இருந்தா இறங்கவே கூடாது.

எடப்பாடி காவிரிக்கரை:
கிணத்து நீச்சல்னு சொன்னதும் இதை எழுதணும்னு தோணுச்சு. நானும் கிணத்துலயும் பூலாம்பட்டி ஆத்துலயும் வளந்த ஆளுதான், முங்கு நீச்சல்ல எங்க செட்டுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது. ஆனா ஓப்பன் வாட்டர் கோர்ஸ், அதான் ஸ்கூபால முதல் சர்டிபிகேட் கோர்ஸ், அதைப் படிக்க அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போனப்ப அந்தப் பழக்கம்தான் எனக்கு எதிரியா வந்துச்சு. கிணத்துல மூச்சை அடக்கினாதான் பொழைப்போம், ஸ்கூபால மூச்சை அடக்கவே கூடாது. காரணம் என்னன்னா கடல்ல 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிடும், அந்த அழுத்தத்துலதான் சிலிண்டர் காத்து நம்ம நுரையீரலுக்குள்ள போகுது, அதை அடக்கி வெச்சுக்கிட்டே மேல வந்தா அதே காத்து ரெண்டு மடங்கு விரியும், நுரையீரல் கிழிஞ்சுடும். ஆழத்துல தானேன்னு நெனைக்காதீங்க, ரெண்டு மூணு மீட்டர்லயே இது நடக்கலாம். கிணத்துல மூச்சை அடக்கி முங்குறப்ப இந்த ஆபத்து இல்ல, ஏன்னா மேல இழுத்த காத்து உள்ள போனா சுருங்கும், திரும்ப வந்தா பழைய அளவுக்குத்தான் வரும். ஸ்கூபால கீழயே காத்தை இழுக்குறோம், அதான் வித்தியாசம். உங்களுக்கு பயம் வந்தா உடம்பு தன்னால மூச்சைப் பிடிக்கும், கிணத்துக்காரங்களுக்கு அது இன்னும் வேகமா வரும், அதனால இப்ப இருந்தே வாயால மெதுவா இழுத்து மெதுவா விட்டுப் பழகுங்க.

காது விஷயம், ஏற்காட்டு ஆளுக்கு இதை சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்ல. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வர்றப்ப காது எவ்ளோ அழுத்தம் வாங்குதோ, கிட்டத்தட்ட அந்த அழுத்தம் கடல்ல ஒன்றரை மீட்டர் இறங்குறதுக்குள்ள வந்துடும். பஸ்ல ஒரு மணி நேரத்துல நடக்குறது தண்ணியில அஞ்சாறு செகண்டுல நடக்குது. அதனால வலி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, தலை தண்ணிக்குள்ள போனதுமே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும், அரை மீட்டருக்கு ஒருக்கா ஊதிக்கிட்டே இறங்கணும். அடைச்சுக்கிட்டா முக்கி ஊதாதீங்க, செவிப்பறை போயிடும், சைகை காட்டிட்டு கொஞ்சம் மேல ஏறி திரும்ப ஊதுங்க. சளி இருந்தா அன்னைக்கு டைவே வேண்டாம். இப்ப இருந்து மலை இறங்குறப்ப எல்லாம் எச்சில் முழுங்கியும் மூக்கைப் பிடிச்சும் பழகிக்கோங்க, உங்களுக்கு மாதிரி வீட்டு வாசல்ல பயிற்சி எடம் யாருக்கும் கிடைக்காது.

அப்புறம் எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர்னு சொல்றாங்க, அது ஆக்சிஜன் இல்ல. நாம இழுக்குற அதே காத்துதான், வடிகட்டி 200 பார் அழுத்தத்துல அடைச்சு வெச்சிருப்பாங்க.

சேலத்து டைவ்மாஸ்டர்:
எல்லாம் சரியா சொல்லியிருக்காங்க, ஆனா கேள்வியோட கடைசி வரியை யாரும் கவனிக்கல. ப்ரோ, ஞாயிறு காலைல டைவ் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே ஏற்காடு ஏறாதீங்க. மேல காத்துன்னு சொன்னாங்களே, அதுல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன். ஆழத்துல இருக்குறப்ப அது ரத்தத்துலயும் தசையிலயும் கரையும், மேல வந்த பிறகும் உடனே முழுசா வெளிய போகாது, மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாதான் போகும். அது போறதுக்குள்ள காத்தழுத்தம் கம்மியா இருக்குற எடத்துக்குப் போனா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி வரும். மூட்டு வலி, மரத்துப் போறது, தோல்ல திட்டு, தலைசுத்தல், மோசமா போனா கால் கை விழுந்துடும். டைவ் முடிச்சு உடனே ஃப்ளைட் ஏறாதேன்னு சொல்றது இதுக்குத்தான். ஃப்ளைட்டுக்கு சொல்ற கணக்கு மலைக்கும் பொருந்தும். ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம், இது டான்னு டைவர்களோட பாதுகாப்புக்கே இருக்குற அமைப்பு சொல்றது, கேபின் உயரம், அதாவது ஃப்ளைட்டுக்குள்ள இருக்குற காத்தழுத்தம் எந்த உயரத்துக்கு சமமோ அது, 2,000 அடில இருந்து 8,000 அடி வரைக்கும் உள்ள பயணத்துக்கு. ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி, நடுவுல வந்து உக்காருது. சேலம் டவுன் ஆயிரம் அடிக்கும் கீழ, அதனால சேலம் வரைக்கும் வர்றதுல பிரச்சினை இல்ல. பாண்டிக்காரங்ககிட்ட கேட்டா ஃப்ளைட் இருக்கான்னு மட்டும்தான் கேப்பாங்க, நீங்க மலைக்குப் போறீங்கன்னு நீங்களாதான் சொல்லணும்.

குரங்குச்சாவடி ரைடர்:
இவ்ளோ பயமுறுத்த வேண்டாமே ப்ரோ, நான் டைவ் பண்ணிட்டு அன்னைக்கே பைக்ல கொடைக்கானல் ஏறினேன், ஒண்ணும் ஆகல. 8 மீட்டர் ட்ரை டைவ்ல என்ன நைட்ரஜன் ஏறிடப் போகுது?

சேலத்து டைவ்மாஸ்டர்:
உங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறது சந்தோஷம், நெஜமாவே. ஆழம் கம்மி, நேரம் கம்மின்னா ரிஸ்க்கும் கம்மிதான், அதை நான் மறுக்கல. ஆனா இது ஆளுக்கு ஆள் மாறும், தண்ணி சரியா குடிக்கலன்னா, முந்தின ராத்திரி தூங்கலன்னா ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். இவரு 10 மணிக்கு டைவ் முடிச்சு ராத்திரி 8 மணிக்கு மலை மேலன்னா 10 மணி நேரம்தான் ஆகுது. ரெண்டாவது டைவ் சேந்தா கணக்கு இன்னும் மோசம். ராத்திரி மலை மேல ஒரு ஆளுக்கு கால் மரத்துப் போச்சுன்னா திரும்ப 20 வளைவு இறங்கி வரணும், வந்தாலும் முதல்ல தேவைப்படுறது சுத்தமான ஆக்சிஜன், அப்புறம் அழுத்தத்தைக் கூட்டி குமிழியைச் சுருக்குற அழுத்த அறை, அந்த அறை எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்காது. ஒரு ராத்திரி கீழ தங்குறதுல என்ன நட்டம் சொல்லுங்க.

நாகலூரான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மலை விஷயம் சத்தியமா என் மண்டைல ஏறவே இல்ல, மச்சான்கிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. எங்க அக்கா ஆத்தூர்ல இருக்காங்க, வர்ற வழிதான், ஞாயிறு ராத்திரி அங்க தங்கிட்டு விடியக்காலைல கிளம்பி 7 மணிக்கு எஸ்டேட் போயிடுவேன், 10 மணிக்கு டைவ் முடிஞ்சா 21 மணி நேரம் வருது. இன்னொண்ணு, அஸ்தம்பட்டி அக்கா சொன்னதைப் படிச்சதும் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், பத்து வயசு வரைக்கும் வீசிங் இருந்துச்சாம், இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்ல. அவங்க வரலாமா?

அஸ்தம்பட்டி அக்கா:
அதை இங்க யாரும் சொல்ல முடியாது தம்பி, நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுத்து, டைவிங் போறோம்னு சொல்லி எழுதி வாங்குங்க. வேண்டாம்னு சொல்லிட்டா போட்ல கூட வரட்டும்.

எடப்பாடி காவிரிக்கரை:
பாண்டின்னதும் சனிக்கிழமை ராத்திரி மச்சான் பாட்டிலோட நிப்பாரு, டைவ் முடியுற வரைக்கும் வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. காலைல இட்லி ரெண்டு போதும், தண்ணி மட்டும் நெறைய குடிங்க. கண்ணாடி போடுறவரா இருந்தா பவர் மாஸ்க் இருக்கான்னு புக் பண்றப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.