சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகருக்கு கிஃப்ட் கார்டு: அவருக்குன்னே செஞ்ச மாதிரி கொடுப்பது எப்படி?

நீலப்புள்ளி:
சயின்ஸ் ஃபிக்‌ஷன்னா உயிரையே விடுற நண்பருக்குப் புத்தகக் கடை கிஃப்ட் கார்டு வாங்கியாச்சு. எதைப் படிச்சிருக்கார், எதைப் படிக்கலைன்னு தெரியாததால கார்டுதான் சரி. ஆனா வெறும் கவர்ல போட்டு நீட்டினா கடமைக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். ராக்கெட் படம் போட்ட ரெடிமேட் கவரும் வேண்டாம். ஒரு வாரம் டைம் இருக்கு, காகித வேலை நல்லா வரும். ஐடியா சொல்லுங்க.

பகா_எண்:
அலங்காரத்தைவிட, அவரே உட்கார்ந்து அவிழ்க்கிற மாதிரி ஒரு செய்தி வைங்க. 1974-ல புவேர்ட்டோ ரிக்கோவில இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து, வேற்றுக்கிரகவாசிகளுக்காக எம்13 விண்மீன் கூட்டத்தை நோக்கி அனுப்பின செய்தி மொத்தம் 1679 பிட், அதாவது 0, 1-ன்னு 1679 இலக்கம். 1679 = 23 × 73, ரெண்டுமே பகா எண். அதனால செவ்வகமா அடுக்க ரெண்டே வழிதான். ஒண்ணுல படம் வரும், இன்னொண்ணுல குப்பைதான் வரும். இந்த விஷயம் உங்க நண்பருக்குத் தெரிஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

உங்களுக்கு 11 × 13 போதும். கட்டம் போட்ட தாள்ல 11 கட்ட அகலம், 13 வரிசை. அவர் பெயரோட முதல் எழுத்தை வரைஞ்சு, நிரப்பின கட்டத்துக்கு 1, காலிக்கு 0. மேலிருந்து வரிசை வரிசையா, இடைவெளியே விடாம 143 இலக்கமா எழுதுங்க. இலக்கத்துக்கு 5 மிமீ வச்சா 71.5 செமீ ஆகும். ஏ4 தாளோட நீளவாக்கில மூணு பட்டை வெட்டி ஒட்டி, விசிறி மடிப்பா மடிச்சு கார்டோட வைங்க.

ஒரே ஒரு இலக்கம் விட்டுப்போனாலும் அதுக்குக் கீழே இருக்கிற படம் முழுக்க ஒரு கட்டம் நகர்ந்துடும். 11 இலக்கத்துக்கு ஒரு தடவை பென்சில்ல மெல்லிசா புள்ளி வச்சு சரிபார்த்துட்டு, கடைசியில அழிச்சிடுங்க. முதல் வரிசை காலியா இருந்தாலும் அந்தப் பூஜ்ஜியங்களை எழுதியே ஆகணும். ப, ட மாதிரி நேர்கோட்டு எழுத்து அழகா வரும்.

நீலப்புள்ளி:
அருமை! ஆனா அவர் பெயர் 'ஜ'-வில ஆரம்பிக்குது. சுழி எல்லாம் 11 × 13-ல அடங்கலையே?

பகா_எண்:
அடங்காது. 17 × 19-க்குப் போங்க, 323 இலக்கம். கையால எழுதாம சின்ன எழுத்துல பிரிண்ட் எடுங்க. ஒரு வரிக்கு 17 அல்லது 19 இலக்கம் வர்ற மாதிரி மட்டும் அமைச்சிடாதீங்க, விடை அங்கேயே தெரிஞ்சிடும்.

செம்பு_நாடா:
உறையைத் திறந்ததும் ஒரு விளக்கு எரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கறுப்பு அட்டை, பசை வச்ச செம்பு நாடா, ஒரு வெள்ளை எல்ஈடி, ஒரு பட்டன் செல் (நாணயம் மாதிரி தட்டையான பேட்டரி). சிஆர்2032 செல் 3.2 மிமீ தடிமன், உறை மூடாம பிதுங்கும். சிஆர்2016 பாதி தடிமன்தான், அதை வாங்குங்க. மூலையில நாடாவை வெட்டி ஒட்டாம மடிச்சே திருப்புங்க. பல நாடாக்கள்ல பசைப் பக்கம் மின்சாரம் கடத்தாது, பெரும்பாலும் அந்த ஒட்டுலதான் விளக்கு அணையும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து இணையா போட்டா சிவப்பு மட்டும்தான் எரியும், ஏன்னா அதுக்குக் குறைஞ்ச வோல்ட்டேஜ் போதும். ஒரே நிறமா வைங்க. வீட்டில சின்னக் குழந்தை இருந்தா பட்டன் செல்லே வேண்டாம், விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

ஓரமடிப்பு:
உறையை மூட காந்தம் வச்சிடாதீங்க! பல கார்டுகளோட காந்தப்பட்டை சுலபமா அழிஞ்சிடும். பசையும் வேண்டாம், பின் நம்பர் மேல இருக்கிற சுரண்டல் பூச்சு பிய்ஞ்சு வந்துடும். கார்டு 85.6 × 54 மிமீ. அட்டையில கார்டை வச்சு நாலு மூலைக்கும் குறுக்கா 12 மிமீ கீறல் போட்டு, மூலைகளைச் செருகினா போதும்.

இன்னொண்ணு: உள்ளே அவர் வாங்கக்கூடிய ரெண்டு புத்தகத்தோட பெயரை உங்க கையெழுத்துல எழுதி, ஒவ்வொண்ணும் ஏன் அவருக்குப் பிடிக்கும்னு ஒரே வரி சேருங்க. அவர் ஏற்கெனவே படிச்சிருந்தாலும் பரவாயில்லை, உங்க கணிப்பு சரின்னு சந்தோஷப்படுவார். என்னைக் கேட்டா விளக்கைவிட இதுதான் முக்கியம். கறுப்பு அட்டைன்னா வெள்ளை ஜெல் பேனா. நல்லா காயுறதுக்கு முன்னாடி மடிச்சா எதிர்ப்பக்கம் ஒட்டிக்கும். கார்டு ஆக்டிவேட் ஆன ரசீதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.