பல்கலைக்கழகத் தொண்டூழியம்: எந்தத் திட்டத்தை எடுப்பது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கென்ட் ரிட்ஜ் இரண்டாமாண்டு:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் குழு வரும் ஆகஸ்ட்டில் புதிதாக ஒரு தொண்டூழியத் திட்டத்தைத் தொடங்கப் போகிறது. செயற்குழுவில் பாதிப் பேர் டிசம்பர் விடுமுறையில் வெளிநாடு போய் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் அடித்து நூலகம் அமைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள், மீதிப் பேர் இங்கேயே செய்யலாம் என்கிறோம், ஆனால் இங்கே என்ன செய்வது என்று கேட்டால் எங்களிடம் தெளிவான பதில் இல்லை. தொண்டூழிய வாய்ப்புகளைப் பட்டியலிடும் கிவிங்.எஸ்ஜி தளத்தைத் திறந்தால் உணவுப் பொட்டலம் கட்டுவது, கடற்கரையைச் சுத்தம் செய்வது, முதியோரோடு பிங்கோ விளையாடுவது என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாமே நல்ல காரியமாகத்தான் தெரிகிறது. யாருக்கு என்ன பயன் கிடைத்தது என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் ஏறக்குறைய 20 பேர், எல்லாருக்கும் தமிழ் நன்றாகப் பேசவும் படிக்கவும் வரும்.

தேக்கா ஞாயிறு:

தம்பி, கடைசியில் போகிறபோக்கில் தமிழ் படிக்க வரும் என்று சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் குப்பை பொறுக்க யார் வேண்டுமானாலும் வரலாம், வரவும் செய்கிறார்கள். ஆனால் ஊரிலிருந்து கிளம்புமுன் வெளிநாட்டு ஊழியர் கைக்கு வந்த, வேலை அனுமதி பற்றிய தமிழ்க் கடிதத்தையும் இங்கே கம்பெனி கொடுக்கும் ஆங்கிலச் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு எழுதியிருக்கிறது, எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று அவருக்கே விளங்கும்படி சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நான் சில ஆண்டுகளாக வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்தார், வேலையிடத்தில் கை நசுங்கியிருந்தது, விடுதியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல்லி மேற்பார்வையாளர் அனுப்பியிருக்கிறார். அன்று எங்களோடு இருந்த முதலாமாண்டு மாணவி ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தேதியில் விபத்து, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), யார் என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக எழுதினார். அந்த அண்ணனுக்குப் பேச்சு முன்னும் பின்னுமாகத்தான் வந்தது, நடுவில் அழுதார், ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருப்பதைச் சொன்னார், அதையெல்லாம் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே, மறுபடி தேதிக்கு வந்து சரிபார்த்துக்கொண்டார். வழக்குகளைக் கவனிக்கும் எங்கள் ஊழியர் அந்தத் தாளை வைத்துத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார். வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டை விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், சம்பளப் பாக்கி என்றால் வேலையை விட்ட 6 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். இது தெரியாமல் முதலாளி தருவார் தருவார் என்று காத்திருந்தே காலம் கடந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் வயிறு எரியும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008லிருந்து கஃப் ரோடு திட்டத்தை நடத்துகிறது. காயம்பட்டோ சம்பளத் தகராறிலோ மாட்டி, வேலை செய்ய அனுமதியில்லாமல் காத்திருக்கும் ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு. சாப்பிட வந்த இடத்தில் நாலு வார்த்தை தமிழில் பேச ஆள் இருந்தால்தான் பல பேருடைய பிரச்சினையே வெளியே வரும்.

ஒன்றை மட்டும் உங்கள் ஆட்களிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நீங்களாகச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, முதலாளிக்கு போன் போடக் கூடாது. படித்த பிள்ளை கோபத்தில் பேசும் ஒரு வார்த்தையால் அந்த ஆளை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடக்கூடும். அப்புறம் நேரம். அவர்களில் பெரும்பாலோருக்கு ஞாயிறும் வேலை முடிந்த இரவும்தான் ஓய்வு, உங்களுடைய புதன்கிழமை மதிய இடைவேளை அவர்களுக்கு உதவாது.

புக்கிட் மேரா அக்கா:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் 20 பேருக்கும் அது ஒத்துவராது, சிலருக்குப் பிள்ளைகளோடு இருந்தால்தான் மனம் ஒட்டும். நான் படிக்கிற காலத்தில் வாரம் ஒரு மாலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீட்டுப் புளோக் ஒன்றில் தொடக்கநிலை 2 படிக்கும் ஒரு பையனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போனேன். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் புராஜெக்ட் ரீட் வீட்டுக்கே போய் வாசிக்க வைக்கும் திட்டம், தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட் 2004லிருந்து பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்து நடக்கிறது, இரண்டையும் விசாரித்துப் பாருங்கள்.

என் பையன் முதல் சில வாரம் வாயையே திறக்கவில்லை. கொண்டுபோன கதைப் புத்தகங்களைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான். பாட்டிதான் ஒருநாள் சொன்னார், இவனுக்கு பஸ் என்றால் உயிர், எந்த நம்பர் எங்கே போகும் என்று எல்லாம் தெரியும் என்று. அடுத்த வாரம் கீழே பஸ் நிறுத்தத்துக்கே கூட்டிக்கொண்டு போய், பலகையில் இருக்கும் நிறுத்தங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். தியோங் பாரு, ஊட்ரம், அலெக்சாண்ட்ரா என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். அங்கிருந்துதான் புத்தகத்துக்கு வந்தோம், அதற்கும் பல மாதம் பிடித்தது. இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பல மாதம் யாராவது தொடர்ந்து வந்திருக்க வேண்டும். நாலு வாரம் வந்து போகிற திட்டமாக இருந்திருந்தால் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட நாங்கள் போயிருக்க மாட்டோம்.

உங்கள் குழு யோசிக்காமல் விட்டுவிடக்கூடிய விஷயம் நாள்காட்டி. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது, உங்களுக்கு ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. ஆகஸ்ட்டில் ஒரு பிள்ளையோடு பழக ஆரம்பித்தால், அவனுக்கு ஆண்டிறுதித் தேர்வு வந்துவிடும், அது முடிந்ததும் நவம்பரில் உங்களுக்குத் தேர்வு, டிசம்பரில் பாதிப் பேர் விமானத்தில் இருப்பீர்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்ட்டிலிருந்து டிசம்பர் வரை ஆள் சேர்த்து, பயிற்சி எடுத்து, ஜனவரியில் பிள்ளைகளைச் சந்தியுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் போடுங்கள், வேறு வேறு துறையாக இருந்தால் நல்லது, தேர்வு ஒரே நாளில் வராது. பல அமைப்புகள் குறைந்தது ஆறு மாதமோ ஓராண்டோ வரச் சொல்லிக் கேட்பார்கள், அப்படிக் கேட்கிற இடம் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கிற இடம்.

ஈசூன் தாதி:

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், உள்ளேயிருந்து தெரிவதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எங்கள் இல்லத்தில் கூட்டம் தாங்காது. ஒரே சனிக்கிழமையில் இரண்டு குழு வரும், பாட்டு, நடனம், முறுக்கு, படம் எடுப்பது. முறுக்கைப் பாதிப் பேரால் மெல்லவே முடியாது, சர்க்கரை நோய்க்காரர்களிடம் இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள் அப்புறம் வாங்கி வைக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ் பேச ஒருத்தர் வர மாட்டார்.

மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் முதலில் போய்விடுவது உண்டு. வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் மலாயும் ஆங்கிலமும் பேசிய தாத்தா இப்போது தமிழில் மட்டும்தான் கேட்கிறார், பராமரிப்பு ஊழியர்களில் பலர் மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்தவர்கள், பாசமாகத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அவர் வலிக்கிறது என்கிறாரா பசிக்கிறது என்கிறாரா என்று அவர்களுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை ஒரே மாணவர் ஒரே தாத்தாவிடம் வந்து, அவருக்குப் பிடித்தது பிடிக்காதது, எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எழுதி எங்களிடம் கொடுத்தால், அந்த ஒரு தாள் மற்ற ஆறு நாளும் எங்களுக்கு உதவும். 2030ல் நாலு குடிமக்களில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்கிறார்கள், தமிழ் பேசத் தெரிந்த ஆட்களின் தேவை கூடத்தான் போகிறது.

டிசம்பர் பயணம்:

வெளிநாட்டுப் பயணத்தை எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நான் இரண்டு வகையும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கம்போடியாவில் நாங்கள் வர்ணம் அடித்த சுவரில் பழைய வர்ணம் உரியவே இல்லை, சில மாதத்துக்கு முன்தான் வேறொரு நாட்டுக் குழு அடித்துவிட்டுப் போயிருக்கிறது. கூட வந்த உள்ளூர்க்காரர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அந்த விமானக் கட்டணத்தில் அங்கே ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அநாதை இல்லங்களுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வெளிநாட்டு விருந்தாளிகளும் நன்கொடையும் வருவதாலேயே பிள்ளைகளை அங்கே சேர்க்கிற நிலை வந்திருக்கிறது.

இன்னொரு குழு ஒரே கிராமத்துக்கு ஆண்டுதோறும் போகும், உள்ளூர் அமைப்பு இந்த ஆண்டு என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பும், சில ஆண்டுகளில் நீங்கள் வர வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புங்கள் என்றும் எழுதுவார்கள். அந்தக் குழு அனுப்பியும் விடும். அப்படி ஒரு தொடர்பு உங்களிடம் இருந்தால் போங்கள்.

80 மணி நேரம்:

எஸ்எம்யுவில் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) பட்டம் வாங்க 80 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். கட்டாயத்துக்கு வருகிறவனால் என்ன பயன் என்று பலர் கேட்பார்கள். நான் கட்டாயத்துக்குத்தான் போனேன், மணிக்கணக்கு முடிந்த பிறகும் அதே துணைப்பாட வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். காரணம், எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார்கள். நான் வராவிட்டால் தொடக்கநிலை 5 கணக்கு வகுப்பு நடக்காது. பத்துப் பேர் செய்யக்கூடிய வேலைக்கு நாற்பது பேரைக் கூப்பிட்ட இடத்துக்கும் போயிருக்கிறேன், மூலையில் நின்று போன் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

கென்ட் ரிட்ஜ் இரண்டாமாண்டு:

எல்லாருக்கும் மிக்க நன்றி, இதை அப்படியே செயற்குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இப்போதைக்கு முதியோர் இல்லம், வெளிநாட்டு ஊழியர்கள், இரண்டில் ஒன்று என்று பேச்சு போகிறது. ஒரு சந்தேகம். நாங்களே திட்டம் எழுதிக்கொண்டு அவர்களிடம் போவதா, வெறுங்கையோடு போய்க் கேட்பதா?

ஈசூன் தாதி:

வெறுங்கையோடு வாருங்கள் தம்பி. இரண்டு பேர் போதும், வார நாளில் வாருங்கள், வார இறுதியில் எங்களுக்கும் ஆள் குறைவு. தொண்டூழிய ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் உங்களுக்குக் கை போதவில்லை, போன குழு ஏன் வராமல் போனது, நாங்கள் மே மாதம் விடுமுறைக்குப் போனால் யாருக்குச் சிரமம். மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் சிரமம் இல்லை என்று பதில் வந்தால் வேறு இல்லம் பாருங்கள். எங்கள் இடத்தில் மாலைச் சாப்பாட்டு நேரம் ஐந்து மணி, விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எப்படி ஊட்டுவது என்று நாங்களே பயிற்சி கொடுப்போம். ஐந்து மணிக்கு வகுப்பு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுத்துக்கொண்டு வாருங்கள்.

தேக்கா ஞாயிறு:

ஐந்து மணிக்கு வகுப்பு இருக்கிறவர்களை எங்களிடம் அனுப்புங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு.