படலையைப் பாக்கிற கமரா இரவில வெள்ளையாத் தெரியுது, ஆராவது சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார் அக்காமார், எங்கட வீடு கொக்குவில் பக்கம். நான் பகல் முழுக்க டவுனில வேலை, அம்மா தனிய இருக்கிறா, அதால ஒரு வைஃபை கமரா வாங்கி நானே விறாந்தைத் தாழ்வாரத்தில படலையைப் பாக்கிற மாதிரி பூட்டினனான். (ஏணி பிடிச்சது அம்மாதான், பேச்சும் வாங்கினனான்.)

முதல்ல கனெக்டே ஆகேல்ல. றூட்டரில 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் எண்ட ரெண்டு வைஃபையும் ஒரே பேரில கிடந்தது, இந்தக் கமராவுக்கு 2.4 மட்டும்தான் பிடிக்குமாம், ரெண்டையும் வேற வேற பேராப் பிரிச்சு விட்ட உடன பிடிச்சிட்டுது. அதுக்கே ரெண்டு நாள் போச்சு.

இப்ப பிரச்சினை இரவில. பகலில படலைக் கொளுக்கி கூடத் தெளிவாத் தெரியுது, இருட்டினா பால் ஊத்தின மாதிரி ஒரே வெள்ளை. லென்ஸைத் துடைச்சன், சிலந்தி வலையும் தட்டினன், மாற்றமில்லை. பக்கத்துச் சுவர் வெள்ளைப் பெயின்ற், கமராவில இருந்து அரை அடி கூட இல்லை, இருட்டில பாக்கக் கமரா விடுற, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் அதில பட்டுத் திரும்புதோ? கொஞ்சம் திருப்பி விட்டாக் காணுமோ, இல்லாட்டி கழட்டி மதிலடிக்குக் கொண்டு போகோணுமோ? மதில் எண்டா வயர் இழுக்கோணும், மாரி மழைக்கு என்ன செய்யிறது.

மற்றது, தென்னோலை ஆடினாலும் போனுக்கு அலர்ட் வருது, நேற்று இரவு மட்டும் 40 தரம். ஓலைப் பக்கத்தை விட்டிட்டு படலையை மட்டும் பாக்க செற் பண்ணலாமோ? கரண்ட் போனா றூட்டரும் நிண்டிடும், சின்ன யூபிஎஸ் போட்டவை ஆரும் இருந்தா எவ்வளவு நேரம் தாங்குது எண்டும் சொல்லுங்கோ.