உரைப்படலமா, எழுத்தடுக்கா?

அன்புடையீர்,

வருடிய (ஸ்கேன் செய்த) நூல்களில் பக்கப் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், கணினி படிக்கக்கூடிய எழுத்துகளுக்கு 'உரைப்படலம்' என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லின் இரு பாதிகளும் இடறுகின்றன.

நூலகப் பட்டியலில் திருக்குறளுக்கு எதிரே 'உரை உண்டு' என்று கண்டால், பரிமேலழகரா மணக்குடவரா என்றுதான் நாம் பார்ப்போம். படலமோ கம்பனில் காண்டத்தின் உட்பிரிவு. வழக்கில் கண்ணை மறைப்பது. பார்வையற்ற வாசகருக்கு நூலைத் திறந்துவிடும் ஒன்றுக்கு அந்தப் பெயரா? மனம் ஒப்பவில்லை.

'எழுத்தடுக்கு' என்கிறேன். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைபடிப்பான் தேடுவது எழுத்தை. அது இல்லாத பக்கத்தில் மென்பொருள் 'படம்' என்று சொல்லி நின்றுவிடும், அல்லது ஒன்றுமே சொல்லாது. முந்நூறு பக்க நூல் முந்நூறு மௌனங்களாகிவிடும். 'செவியடுக்கு' என்ற யோசனையும் வந்தது, அழகான சொல்தான். ஆனால் இதே எழுத்தைப் புடைப்புள்ளிகளாகத் தரும் பிரெயில் காட்டியில் விரலால் படிப்பவர்களை அது வெளியே நிறுத்திவிடுகிறது. எழுத்தடுக்கு என்றால் அச்சகத்தில் எழுத்து அடுக்குவது நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். அதற்கு அச்சுக்கோப்பு என்ற சொல் நிலைத்துவிட்டது, குழப்பம் வராது.

பட்டியலில் 'எழுத்தடுக்கு உண்டு' என்று மட்டும் எழுதுவது போதாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரி (OCR) துணைக்காலை ரகரமாகப் படித்தால் 'காலம்' 'கரலம்' ஆகிவிடுகிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களில் இன்னும் தடுமாறும். கண்ணால் படிப்பவர் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். காதால் கேட்பவருக்குக் கரலம்தான் கிடைக்கும். ஆகவே 'மெய்ப்புப் பார்த்த எழுத்தடுக்கு', 'மெய்ப்புப் பாராத எழுத்தடுக்கு' என்று பிரித்துக் குறிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளில் எழுத்து இருக்கும், ஆனால் உள்ளே ஆங்கிலக் குறிகளாக இருக்கும். திரையில் 'அம்மா' என்று தெரிவதைத் திரைபடிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வரும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் தீர்ந்துவிடும் என்பதால் இவற்றைத் தனியே அடையாளம் காட்டுவது அவசியம். 'குறிமாறிய எழுத்தடுக்கு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள்.