முழங்கால் அசையாத இரவு: தேர்வுக்குப் படித்தது வார்டில் எதிரே வந்து நின்ற அனுபவங்கள்

மஞ்சக்குப்பம் இரவுப்பணி:
அமெரிக்காவில் செவிலியராக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வலிப்பு வந்த தாய், முதல் பிரசவம். மெக்னீசியம் சல்பேட் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், இடுப்பில் பக்கம் மாற்றிப் போடுகிறோம். வலிப்பைத் தடுக்கும் மருந்துதான், ஆனால் உடலில் அளவு கூடினால் அதுவே நஞ்சு.

இரவு 2 மணி டோஸை எடுத்துக்கொண்டு போனேன். அன்று மாலை பஸ்ஸில் படித்த கேள்வி நினைவுக்கு வந்தது: நஞ்சாகும்போது முதலில் மறைவது எது? முழங்காலைத் தட்டினால் கால் துள்ளும் அனிச்சை. ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு அடியில் இடது கையைக் கொடுத்துத் தூக்கி, சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. மறு காலும் அசையவில்லை. நான்தான் தவறாகத் தட்டுகிறேனோ என்று ஸ்டூலில் உட்கார்ந்து என் முழங்காலிலேயே தட்டிப் பார்த்தேன். என் கால் துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்த பிறகுதான் எனக்கு வியர்த்தது.

முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன், 11. நான்கு மணி நேரத்தில் சிறுநீர்ப் பையில் 60 மில்லிதான். இரண்டுமே குறைவு. "நேரம் தவறினால் மறுபடி வலிப்பு வரும், போட்டுவிடு" என்றார் மூத்த சகோதரி. நான் போடவில்லை. மருத்துவர் ஓடி வந்து அதற்கு முறிவு மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றினார். தாயும் குழந்தையும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

வில்லியனூர் செவிலி:
நடந்திருக்கிறது தங்கை. எனக்கு இன்சுலின். வீட்டுக்குப் போகும் பெரியவருடைய மகனிடம் சிவப்பு மூடி சிரிஞ்சைக் காட்டி, "20 என்ற கோடு வரை இழுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். வார்டில் இருந்தது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கானது. வீட்டுக்குப் போனபின் கடையில் மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். சிரிஞ்சு பழையதுதான், கோடும் அதேதான். 20 யூனிட் போட வேண்டிய இடத்தில் 50 ஏறியிருக்கிறது.

தூக்கி வந்தபோது சட்டை குளத்தில் நனைத்தது போல் இருந்தது. கையில் ஒரு பிஸ்கட். அதை வாய்க்குக் கொண்டு போக வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை 38. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் விழித்துக்கொண்டு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் என்னைப் பார்த்து, "நீங்கள் சொன்ன கோடு வரைதான் இழுத்தேன் சிஸ்டர்" என்றார். அவர் சொன்னது உண்மை. கோட்டைக் காட்டிய நான் குப்பியில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லவில்லை.

முதுநகர் தம்பி:
மஞ்சக்குப்பம் சகோதரிக்கு: மூத்தவரைக் குறை சொல்வது சரியில்லை. மறு வலிப்பும் உயிரைக் குடிக்கும், அந்தப் பயத்தில்தான் சொல்லியிருப்பார். நீங்கள் செய்தது சரி. ஆனால் நேரத்தோடு குறிப்பில் எழுதினீர்களா? நாளைக்கு நம்மைக் காப்பாற்றுவது குறிப்பு ஒன்றுதான்.

என் கதை சிறியது. வார்டில் ஒருவர் வலியில் கத்திக்கொண்டிருந்தார், அவரிடம் முதலில் போனேன். மூலைப் படுக்கையில் நுரையீரல் நோயாளி, சத்தமே இல்லை, போர்வையை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தார். ஆக்ஸிஜன் குறைவதன் முதல் அடையாளம் அந்த அமைதியின்மைதான் என்று நான் அறிந்தபோது உதடு நீலமாகியிருந்தது.

சென்னையில் தேர்வு எழுதும்போது, "நால்வரில் யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்ற கேள்வி வந்ததும் அந்த விரல்கள்தான் கண்ணில் தெரிந்தன. அதனால் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் முதல் தேர்வின் முறை மாறிவிட்டது. குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, ஐந்து மணி நேரம். ஒரே நோயாளியைத் தொடர்ந்து ஆறு கேள்விகள் வரும். விடை கொடுத்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. 85-இல் கணினி நின்றுவிட்டால் தோல்வி என்று எண்ணி அழாதீர்கள், தேர்ச்சிக்கும் அங்கேயே நிற்கும். மருந்தின் பெயர்களை உருப்போடுவதைவிட, அந்த மருந்தைக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று படியுங்கள். இதய மருந்தான டிகாக்சின் என்றால் ஒரு நிமிடம் முழுக்க இதயத் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குறைந்திருந்தால் அதே டிகாக்சின் நஞ்சாகும். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக ரத்தக் குழாயில் தள்ளக் கூடாது. ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது.

பண்ருட்டி அக்கா:
தம்பி, அவள் கேட்டது தேர்வு முறையை அல்ல. உறுத்துகிறது என்றாள்.

எங்கள் பக்கம் முந்திரித் தோப்பு. பாம்புக்கடி வந்தால், ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் கூடாது, உறைய வேண்டிய ரத்தம்கூட உறையாது. விடியற்காலையில் ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். தரையில் படுத்திருந்தான், வயிற்று வலி என்றான், கடித்த தடம் தெரியவில்லை. 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் கட்டியாக நின்றது. "உறைந்துவிட்டது அம்மா, பயமில்லை" என்று சொல்லிவிட்டேன். "தூக்கம் பாவம், கண்ணே திறக்க மாட்டேன் என்கிறான்" என்று அந்தத் தாய் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

அது தூக்கம் இல்லை. இமையைத் தூக்க அவனால் முடியவில்லை. அந்தச் சோதனை கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் ரத்த நஞ்சைத்தான் காட்டும். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், அதன் நஞ்சு நரம்பைப் பிடிக்கும், ரத்தம் ஒழுங்காகவே உறையும். நஞ்சுமுறிவு மருந்தை ஆரம்பித்து, வழியெல்லாம் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். பையன் பிழைத்துக்கொண்டான். "பயமில்லை" என்று நான் சொன்ன குரல் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் இரவுப்பணி:
அக்கா, நீங்கள் சொன்ன பிறகு எழுத முடிகிறது.

முதுநகர் அண்ணா, குறிப்பில் எழுதினேன். 2.10-க்கு, "முழங்கால் அனிச்சை இல்லை, டோஸ் நிறுத்தப்பட்டது, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது." அதற்கு மேல் வரியில், 10 மணி டோஸுக்கு எதிரே, "அனிச்சை உள்ளது" என்று இருக்கிறது. அன்று மூன்று புது நோயாளிகள், ஆள் குறைவு. 10 மணிக்கு நான் தட்டிப் பார்க்கவில்லை. அந்த வரியும் என் கையெழுத்துதான்.